சுவருக்கு மேல் வந்த மாத்திரை

எங்கள் பிளாக்கில் கறிவேப்பிலை, இட்லி மாவு, மாத்திரை மூன்றும் காம்பவுண்டு சுவருக்கு மேல்தான் கைமாறும். கம்பெனி ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைப்பதால் எந்தக் குவார்ட்டர்ஸிலும் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. மூட்டு வலி என்று வாயைத் திறந்தால் போதும், டாக்டருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிடுவாள்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை, கீமோ எல்லாம் முடிந்து, ஹார்மோனை அடக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு நின்றுபோனது. அதன்பிறகு உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அடுப்படியில் நிற்கும்போதே கழுத்திலிருந்து சூடு குபுகுபுவென்று ஏறும். ரவிக்கை தொப்பலாக நனையும். இரண்டு வருடமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. வடலூர் பஸ்ஸில் ஒருநாள் மூச்சு முட்டிப் பாதி வழியில் இறங்கிவிட்டேன். "பொழைச்சதே பெருசு" என்று வீட்டுக்காரர் சொன்னபோது தட்டை வீசியெறிந்தேன். பிழைத்தது இதற்காகத்தானா என்று அவரையே கேட்டேன்.

புற்றுநோய் டாக்டரிடம் கெஞ்சினேன். "ஹார்மோன் மாத்திரை குடுத்தா சூடு அடங்கும்மா. ஆனா உங்க கட்டி அந்த ஹார்மோன்லதான் வளர்ந்தது. ஹார்மோன் இல்லாத வேற மாத்திரை இருக்கு, பார்க்கலாம்" என்றார். அதையும் விழுங்கினேன். சூடு அடங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். அவளுக்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. "சூட்டுக்குக் குடுத்ததுதான், சும்மா கெடக்குது. போட்டுப் பாருங்கக்கா" என்று இரண்டு அட்டைகளை நீட்டினாள். எனக்கு அது ஆகாது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் விடிந்துதான் கண்விழித்தேன். தலையணை காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அன்றைக்கே குளியலறையில் தழும்பைச் சுற்றித் தடவிப் பார்க்கவும் ஆரம்பித்தேன்.

பதினாறாம் நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்தாள். மிச்ச மாத்திரை எங்கே என்று டாக்டர் கேட்க, உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். புற்றுநோய் வந்தவளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று அவர் திட்டி அனுப்பியிருக்கிறார்.

"தெரிஞ்சேவா வாங்குனீங்க? உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நான்தானேக்கா குடுத்தவ?" என்று அழுதாள்.

உள்ளே போய்ப் பிரித்த அட்டையை எடுத்துவந்து கொடுத்தேன்.

"அவ்ளோதானாக்கா? இன்னொண்ணு?"

"குப்பையில போட்டுட்டேம்மா."

அது துவரம்பருப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. இன்றுவரை பிரிக்கவில்லை. நேற்று மட்டும் மூன்று முறை மூடியைத் திறந்தேன்.