எழுதாமல் விட்ட பதினொரு இலைகள்

மனைவி சிவரஞ்சனிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது திருமுருகன் கத்தாரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மறுநாளே விமானம் ஏறி வல்லத்திராக்கோட்டைக்கு வந்து சேர்ந்தான்.

சிவரஞ்சனி தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. சித்தன்னவாசல் பக்கத்துப் பாறைகளில் முளைக்கும் செடிகளை ஐந்து வருஷமாகப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி வைத்திருந்தாள். அவற்றில் அறுபது தாள்களுக்கு இலையின் வடிவம் எழுத வேண்டியிருந்தது.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அவளுக்குப் பார்வையும் மங்கிப்போயிருந்தது.

"என்னங்க, நீங்க எலையப் பாத்துச் சொல்லுங்க. நான் பேரு சொல்றேன், எழுதுங்க. இங்கிலீஷ்ல எங்க காலேஜ் மேடம் மாத்திக்குவாங்க."

அவன் பத்தாவதோடு நின்றவன். தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அடி அகலமா இருக்கு. நுனி போகப் போகக் குறுகுது" என்றான்.

"முட்டை வடிவம்."

"இது நேர்மாறா இருக்கு ரஞ்சனி. நுனிதான் அகலம்."

"அப்ப தலைகீழ் முட்டை."

"இப்படியெல்லாமா பேரு வைப்பாங்க?"

அவள் சிரிக்கப்போய் இருமினாள்.

ஈட்டி, நீள்சதுரம், சிறுநீரகம் என்று தினம் நாலைந்து தாள் நகரும். சில நாள் அவன் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள். அவனுக்கு எழுப்ப மனம் வராது.

"ஏன் எழுப்பல? எனக்கு நாள் நெறயக் கெடக்குன்னு நெனச்சீங்களா?" என்று விழித்ததும் கோபிப்பாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்துபோனாள். பதினொரு தாள்கள் மிச்சம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தப் பதினொன்றையும் அவனே எழுதினான். எல்லாத் தாள்களையும் கட்டி எடுத்துக்கொண்டு, அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை ராஜலட்சுமியிடம் போனான்.

"தீசிஸ் கொடுக்காததால பட்டம் கிடைக்காதுப்பா. ஆனா இதெல்லாம் அவ பேரோட காலேஜ்ல இருக்கும்" என்றார் அவர். அவன் எழுதியதைப் பார்த்தார். எட்டு சரி. இரண்டைத் திருத்தினார். கடைசித் தாளில் இலை சுருண்டு கிடந்தது. "இதுக்குப் பச்சை இலை வேணும்."

அன்றைக்கே சித்தன்னவாசலுக்குப் போனான். இடத்தைத் தாளிலேயே குறித்து வைத்திருந்தாள். அங்கே காய்ந்த தண்டு மட்டும் பாறை இடுக்கில் நின்றது.

"அது மழை பேஞ்சாத்தான் துளுக்கும் தம்பி" என்றாள் அங்கிட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செவந்தி. "ஒரு பொண்ணு வந்து இப்படித்தான் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கும். இப்பக் காணோம்."

அவனும் குனிந்து அந்தத் தண்டைப் பார்த்தான். ஒவ்வொரு லீவிலும் ரஞ்சனி அவனை இங்கே கூப்பிட்டிருக்கிறாள். எலையப் பாத்து என்ன ஆகப்போகுது என்று ஒருமுறைகூட அவன் வந்ததில்லை. பாறை சுட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அந்த வாரம் லீவு முடிந்தது. கார்த்திகையில் கத்தாரிலிருந்து பேராசிரியைக்குப் போன் செய்தான்.

"ஊருல மழை பேஞ்சிருச்சுங்களா மேடம்?"

"நல்லாப் பேஞ்சிருக்குப்பா. அந்தச் செடியப் போய்ப் பாக்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கல."

"சரிங்க மேடம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு கிரேனில் ஏறினான்.