அத்தை மூட்டிய அடுப்பு

எங்கேயாவது வெள்ளம், பூகம்பம் என்று ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டுக்கு அரிசி அனுப்பியதாகச் செய்தி வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரிசி மேல் கோபமில்லை. நானும் அதைத் தின்றவள்தான். அதைக் கொடுக்க ஒருவன் நோட்டோடு வருகிறானே, அவன் மேல்தான்.

புன்னக்காயலில் கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு ஏழு வயது. கரையோரம் இருந்த அத்தையின் வீடும் போயிற்று, மாமாவும் போனார். அத்தை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பிறந்த வீடும் அதுதான். துட்டி கழியும்வரை செத்தவர் வீட்டார் அடுப்பு மூட்டக் கூடாது, உறவுக்காரர்கள்தான் பொங்கிப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா பொங்கினாள், எல்லோரும் தின்றோம்.

வெளிநாட்டு அரசு ஒன்று கொடுத்த அரிசியும் பால்பொடியும் வந்தன. அடுப்புக்கு ஒரு பங்கு என்பது சட்டமாம். எந்த மகராசன் எந்த ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தானோ. கணக்கெடுக்க வந்தவர் கேட்டதற்கு அப்பா இரண்டு அடுப்பு என்றார். பொய் சொல்வது பாவம் என்று கோவிலில் படித்த நான் சும்மா இருப்பேனா?

“இல்ல சார், ஒண்ணுதான். அத்தைக்கும் அம்மாதான் பொங்குதா.”

அவர் என் கன்னத்தைத் தட்டி ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். நோட்டில் அத்தையின் பெயரை அடித்தார். குழந்தைக்கான பால்பொடியும் அதோடு போயிற்று. அத்தைக்கோ பால் வற்றியிருந்தது. அப்பா துட்டி வழக்கத்தைச் சொல்லிக் கெஞ்சினார். தனி அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன் என்றார் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் காலை அவர் வந்து நிற்க, அத்தை கொல்லை மணலில் மூன்று கல்லைக் கூட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“பிள்ளைக்குப் பால் வேணும் மைனி” என்று சொல்லிவிட்டு அத்தை தீக்குச்சியைக் கிழித்தாள்.

எனக்குக் கூட்டாஞ்சோறு ஆக்குவதுபோல் குஷியாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் முதல் வாய் எனக்கு ஊட்டுகிறவள், அன்று என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நோட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் வீட்டுல போய்த் தின்னு, பிள்ள” என்றாள் அத்தை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தைக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசி பிஸ்கட்டை, அவள் பார்க்கும்படி எதிரே நின்று தின்று முடித்தேன்.