படையலில் வைத்த துப்பாக்கி

அப்பாவின் துப்பாக்கி வருடத்தில் ஒரு நாள்தான் கூடத்துக்கு வரும். ஆயுத பூஜையன்று அதைச் சாமி படங்களுக்குக் கீழே, பாராங் கத்திக்கும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளுக்கும் பக்கத்தில், பாயின் மேல் கிடத்துவார். குழல்மேல் சந்தனம், அதன் நடுவே குங்குமம். மறுநாள் காலை பொட்டைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தன் அறையிலிருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

தோட்டத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றபின், ரந்தாவுக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார். வீட்டுக்குப் பின்னால்தான் நிலம். கன்றுகளின் குருத்துக்காகக் காட்டுப்பன்றி வரும். அதற்காகவே வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. பன்றி விழுந்த அன்று அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஒரே குழம்பு வாசம்தான். அந்த ஒரு காரியத்தில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். அதைக் கேட்டு அவர் சிரித்ததே இல்லை. கேட்காததுபோல் இருப்பார்.

நான் பாரோயில் இருக்கிறேன். கணவருக்குச் சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எனக்குச் சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலை. நான்கு வயது மகளைக் காலையில் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவேன், மாலையில் வந்து அழைத்துக்கொள்வேன். லாரி ஓட்டும் என் தம்பியும் அந்த வீட்டில்தான். அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

அப்பா மாரடைப்பில் போனார். காரியங்கள் முடிந்து வந்த அன்றே அலமாரிச் சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை நின்று வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் அப்பாவின் பெயரில். அவரோடு அது முடிந்துவிட்டது. உடனே போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத துப்பாக்கி வீட்டில் இருந்தால் இந்த நாட்டில் அது சாதாரண வழக்கல்ல.

சொன்னேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையிலேயே என் குரல் பாதியாகிவிட்டது. கருமாதி முடியும்வரை இறந்தவர் கையாண்ட பொருள் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாதாம். அப்பாவின் செருப்பைக்கூட யாரும் நகர்த்தவில்லை, துப்பாக்கியையா நகர்த்துவது என்றார். அம்மா தலையை ஆட்டினார். தம்பி என்னைத் தனியாக அழைத்துப்போய்த் தன் முடிவைச் சொன்னான். துப்பாக்கியை விற்கப் போவதில்லை, லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கப் போகிறான்.

“அப்பா இல்லன்னு பன்னிக்குத் தெரியாதா? எல்லாத்தையும் தோண்டிப் போட்டுடும்லா. அம்மா பாவம்கா.”

அவன் சொன்னது பொய்யல்ல. அந்தக் குலை விற்ற பணம்தான் அம்மாவுக்கு. ஆனால் அப்பா காலையில் எழுந்து அலமாரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். தம்பி கைப்பேசியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவன். அவன் பெயரில், அந்த வீட்டில், என் மகள் நாளெல்லாம் ஓடியாடும் அந்த அறையில் துப்பாக்கி. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? உன்னை நம்பவில்லை என்றுதானே ஆகும்? வேறு யாரிடம் மகளை விடுவது? கணவரிடம் கேட்டேன். அது உங்கள் வீட்டு விஷயம், நான் வாய் வைத்தால் நன்றாயிருக்காது என்று நகர்ந்துகொண்டார்.

பேசாமல் இருந்தேன். மூத்த பெண் பேசாமல் இருப்பதை எங்கள் வீட்டில் நல்ல குணம் என்பார்கள். வாசலில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் போலீசோ என்று எட்டிப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குத் தேவையில்லாமல் போன் செய்தேன். பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்பேன். நான் கேட்க நினைத்தது, முந்தானை முடிச்சில் சாவி இருக்கிறதா என்பது.

கருமாதியன்று அப்பாவின் அறையிலேயே படையல் போட்டார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அவருக்குப் பிடித்த பன்றிப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, முறுக்கு, கறுப்பு பீர், சுருட்டு. எங்கள் பக்கத்தில் இதை மூடியபடியே வைக்க மாட்டார்கள். பீர் மூடியைத் திறந்து தம்ளரில் ஊற்ற வேண்டும். சுருட்டைப் பற்றவைக்க வேண்டும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து வைக்க வேண்டும். வருகிறவர் எடுத்துக்கொண்டால் போதும், அப்படி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். தம்பிதான் அத்தனையும் செய்தான். கடைசியில் அம்மாவிடம் சாவி வாங்கி, துப்பாக்கியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் பாயில் வைத்தான். ஆயுத பூஜைக்கு வைப்பதுபோலவே சந்தனமும் வைத்தான். பார்த்த அத்தை, அப்பாவின் அக்கா, விம்மி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அந்தப் படத்துக்குக் கீழே அது அழகாக இருந்தது.

கற்பூரம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் வந்து சாப்பிடும் நேரம் அது. யாரும் பேசக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. கூடத்தில் உட்கார்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியே கூடாரத்தில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

மகளைத் தேடினேன். கூடாரத்தில் இல்லை. அடுப்படியில் இல்லை. கணவரிடம் சாடையில் கேட்டேன். உன்னிடம்தானே இருந்தாள் என்று கையை விரித்தார். காலையிலிருந்து அவள் எல்லாரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாத்தா எப்போ வருவாரு? கதவ மூடுனதும் வந்து சாப்பிடுவாரு என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நானும்தான் சொல்லியிருந்தேன். அந்த அறையில் அப்பாவின் கட்டில் இருக்கிறது. அவர் தேடுவதற்காக அவள் ஒளிந்துகொள்வது எப்போதும் அதன் அடியில்தான்.

கதவைத் திறந்தேன்.

என் மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியின் அடிக்கட்டை அவள் மடியில். அப்பாவின் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவர் துடைப்பதுபோலவே, வாயைக் கொஞ்சம் கோணிக்கொண்டு. குழல் கதவைப் பார்த்து இருந்தது. அதாவது என்னை.

“தாத்தா இன்னும் வரலம்மா,” என்றாள்.

எனக்குப் பின்னால் தம்பி வந்து நின்றது மூச்சில் தெரிந்தது. அவன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அவளிடம் சிரித்தபடி ஏதோ சொல்லி, குழலை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி, துப்பாக்கியை அவள் மடியிலிருந்து எடுத்தான். கூடத்திலிருந்து தெரியாதபடி கதவு மறைவில் நின்று அதை மடக்கித் திறந்தான். இரண்டு சிவப்புத் தோட்டாக்கள் அவன் உள்ளங்கையில் விழுந்தன.

என்னால் குனிந்து மகளைத் தூக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாத்தையும் தெறந்து ரெடியா வச்சேன்,” என்றான் எனக்கு மட்டும் கேட்கும்படி. “இதையும் அப்படித்தான்கா... லாக் போட்டுத்தான்கா வச்சேன்.”

தோட்டாக்கள் அவன் வேட்டி மடிப்புக்குள் போயின. கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் கதவைத் திறந்ததுதான். அத்தை எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: “அப்பன் சாப்பிட வந்த நேரம். படிச்ச புள்ளைக்குக் கொஞ்ச நேரம் பொறுக்க முடியல.”

அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் தம்பி அன்றோடு அந்தக் கூட்டத்தில் தலைநிமிர முடியாது. கருமாதியன்று சொந்த அக்கா மகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்று காலம் முழுக்கப் பேசுவார்கள். அவனைப் பார்த்தேன். சுருட்டுச் சாம்பலை இலையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த நாள் நானும் தம்பியும் அம்மாவும் போலீஸ் பாலாய்க்குப் போனோம். முதலில் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனோம். துப்பாக்கி திறந்தபடி கார் பின்பெட்டியில், மீதித் தோட்டாக்கள் தகரடப்பாவில். வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தம்பி என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அம்மா இருந்ததால் நிறுத்திக்கொண்டான். முகப்பில் இருந்த மலாய் சார்ஜன் ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். எங்கள் சடங்கைப் பற்றிச் சொன்னேன். அவர் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, கோபத்தைக் குறைத்துக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்யாதே என்றார். இனிமேல் சாக எந்த அப்பா இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது, சரி என்று தலையாட்டினேன். பிறகு அவர் கேட்டார்: குடும்பத்தில் யாராவது தன் பெயருக்கு மாற்றக் கேட்கிறீர்களா, இல்லை, லைசென்ஸ் உள்ள கடைக்கு விற்கப் போகிறீர்களா?

அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

“அக்கா சொல்லட்டும்,” என்றான்.

“இவ என்னத்தச் சொல்றது? நீதான்டா கேக்கணும்ன,” என்றார் அம்மா.

“அக்கா சொல்லட்டும்மா.”

அம்மாவின் பார்வை என் மேல் திரும்பியது. அவருக்கு நான் என்ன காரணம் சொல்ல முடியும்? அந்த நேரத்திலும் எனக்குத் தெளிவில்லை. தம்பி இனிமேல் அந்தத் தவறைச் செய்யவே மாட்டான். அவனைவிடக் கவனமாக அதைக் காக்க இப்போது யாரும் இருக்க முடியாது. அதை நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். கன்றுகளையும் நினைத்தேன். பிறகு அந்தக் குழல் கதவைப் பார்த்து இருந்ததும், துண்டு வைத்திருந்த சின்னக் கையும் கண்முன் வந்தன.

விற்கிறோம் என்று மலாயில் சொன்னேன். அம்மாவுக்கு அது புரிந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது, “படிச்சிட்டா எல்லாத்துக்கும் பயம்,” என்றார்.

துப்பாக்கி சிரம்பானில் ஒரு கடைக்குப் போனது. மழைக்காலத்தில் பன்றிகள் வந்தன. கன்றுகளில் பல குருத்திழந்து சாய்ந்தன. அம்மா வைத்திருந்த மரவள்ளியும் போனது. தம்பி லாரி வேலை முடிந்து வந்து, பழைய தகரத்தால் வேலி அடைத்தான். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வந்தன. விடுமுறை நாளில் நானும் போய்த் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆணி அடித்தபடியே, தான் கேட்டிருந்தால் லைசென்ஸ் கிடைத்திருக்கும் என்றான், குறையாக இல்லை, வானிலையைச் சொல்வதுபோல. கிடைத்திருக்கும் என்றேன். அடுத்த தகரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மகள் இப்போதும் பகலில் அந்த வீட்டில்தான். அம்மாவுக்கு அன்று நடந்தது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தம்பி சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். பன்றி வந்த மறுநாள் அம்மா போன் செய்து எத்தனை கன்று போனது என்று சொல்வார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று நான் கூர்ந்து கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. இருந்தால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும்.

காலையில் மகளை விட்டுவிட்டுக் கிளம்புமுன் அப்பாவின் அறைக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்து பார்க்கிறேன். அம்மாவின் சேலைகள், பழைய போர்வை, தைப்பூசத்துக்கு எடுத்த பால்குடம். வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் சேலைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுகிறேன். போன வாரம் அப்படித் தடவும்போது அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், என் மகள் அவர் இடுப்பில்.

“பன்னி வெளியதான்டி வருது,” என்றார். “அதுக்குள்ள என்னத்தத் தேடுற?”

மகள் சிரித்தாள். நான் அலமாரியைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.