சாந்து கேட்ட கை

இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர், 'பால் கொடுக்கிறவள், பசி மயக்கம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லட்டும். அவர்களில் ஒருவரும் அந்தச் சுவரை உடைத்த அன்று அங்கே நிற்கவில்லை. நின்றவர்கள் கடைசிவரை பேச்சை மாற்றவில்லை. சண்முகவடிவுக்கு நடந்தது நடந்தபடி இதுதான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். 1946, ஆடி மாதம். செம்பூரில், தேவ்நார் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பழைய பங்களா இருந்தது. யாரோ ஒரு பணக்காரர் அதை ஒரு சர்வகலாசாலைக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். சர்வகலாசாலை அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யுத்தத்தின்போது பட்டாளம் வந்து தங்கி, ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனது. கூரையில் அரசங்கன்று முளைத்திருந்தது. சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. அப்புறம்தான் மேலே யாருக்கோ ரோஷம் வந்தது. 'பழைய காலத்து வேலைப்பாடு. இடிக்கக் கூடாது. இருந்தபடியே புதுப்பித்து மாணவர் விடுதியாக்க வேண்டும்' என்று உத்தரவு. சிமெண்டு கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான்.

வேலையை மேற்பார்த்தவர் மாட்டுங்காவிலிருந்து வந்த ஓவர்சியர் திருவேங்கடம். கொத்தனார் இசக்கிமுத்து தாராவிக்காரர். அவரிடம் சித்தாளாக வந்தவள்தான் சண்முகவடிவு. அவளும் தாராவிதான். புருஷன் சிவனாண்டி தோல் கிடங்கில் காலில் ஆணி ஏறிப் படுத்த படுக்கையாக இருந்தான். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. எட்டு மாதப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் நடந்தே வருவாள்.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. தண்ணீர் குடித்தால் இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. பிள்ளையும் அப்படித்தான், தோளில் நிற்காமல் திமிறிக்கொண்டே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மழை பிடித்துக்கொண்டது.

"மேல கடைசி ரூம்புல கதவு நிலைக்கு ரெண்டு பக்கமும் செங்கல் அரிச்சுக் கெடக்கு," என்றார் இசக்கிமுத்து. "நீ போயிச் சாந்தக் கொழச்சு வையி வடிவு. நான் ஒரு பீடியக் குடிச்சிட்டு வாரேன்."

"பார்த்துப் போம்மா, படி வழுக்கறது," என்றார் திருவேங்கடம்.

மாடியில் கடைசி அறை. சுண்ணாம்பு நனையக் கூடாதென்று அங்கேதான் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல். அதிலும் கம்பி, கண்ணாடியில் பட்டாளத்துக் கறுப்பு. கதவைக் கழற்றிவிட்டதால் வாசல் வழியாக வரும் வெளிச்சம்தான். அவள் உத்தரத்துக் கொக்கியில் தூளியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று சாந்தைக் குழைக்க ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் வெளியே காலடிச் சத்தம். அப்புறம் சாந்து பூசும் கரண்டிச் சத்தம். சரக்... சரக்...

"எம்மா, சாந்து."

இசக்கிமுத்து வந்துவிட்டார் என்று நினைத்தாள். இரும்புச் சட்டியில் சாந்தை அள்ளி வாசற்படியில் வைத்தாள். நிலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு சட்டியை இழுத்துக்கொண்டது. ஆள் மறைவில் நின்றிருந்தார். அவள் பார்க்கவும் இல்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது.

சட்டி திரும்பி வந்தது. கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு ஒட்டவில்லை.

'அண்ணாச்சிக்கு இன்னைக்கு என்ன சுத்தம்!' என்று நினைத்துக்கொண்டாள்.

"எம்மா, சாந்து."

இந்தமுறை கை முழங்கால் உயரத்தில் நீண்டது. கொடுத்தாள். டக்... டக்... செங்கல் தட்டும் சத்தம்.

அடுத்த சட்டியை இடுப்பு உயரத்தில் வாங்கியது. பலகை போட்டு ஏறி நிற்கிறார் போலிருக்கிறது என்று எண்ணினாள். விரல்கள் அவள் விரலில் பட்டன. மழைநாளில், ஈரச் சாந்தில் வேலை செய்கிற கை. ஆனால் அது உலர்ந்து கிடந்தது. காய்ந்த ஓலைபோல்.

அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. பீடி வாசனை வரவில்லை. இசக்கிமுத்து இருக்கும் இடத்தில் பீடி வாசனை இல்லாமல் இருக்காது.

"அண்ணாச்சி, அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?" என்று அவர் பெண்சாதியைப் பற்றிக் கேட்டாள்.

கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

சரக்... சரக்...

"எம்மா, சாந்து."

அறை இருட்டிக்கொண்டே வந்தது. மேகம் கவிகிறது என்று நினைத்தாள். தூளியில் பிள்ளை சிணுங்குவதை நிறுத்தியிருந்தது. எட்டிப் பார்த்தாள். பிள்ளை தூங்கவில்லை. தூளித் துணியை விலக்கி வாசல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. 'தூக்கு' என்பதுபோல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தது.

"எம்மா, சாந்து."

சட்டியை எடுத்துப் போனாள். நெஞ்சுக்கு மேல் தூக்கிக் கொடுத்தாள். வெறும் சட்டி வந்தது. மறுபடி நிரப்பினாள். இப்போது தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது.

தூக்கியவள் அப்படியே நின்றாள்.

வாசற்படியில் வைத்த சட்டியை இப்போது எதற்குத் தலைக்கு மேல் தூக்குகிறேன்?

கண்ணை நிமிர்த்திப் பார்த்தாள்.

வாசல் இல்லை.

சுவர் இருந்தது. ஈரச் சுவர். உச்சியில் ஒரு முழத்துக்கு ஒரு இடைவெளி. அதில்தான் வெளிச்சம்.

அவள் கொடுத்த சாந்து. அவளையே உள்ளே வைத்து...

"அண்ணாச்சி!" என்று கத்தினாள். "நான் உள்ள இருக்கேன்! பிள்ள உள்ள இருக்கு!"

கரண்டிச் சத்தம் நின்றது.

இடைவெளியில் இரண்டு கைகள் வந்தன. உள்ளங்கையை விரித்து நீட்டின.

"பிள்ளையக் குடு."

மெதுவான குரல். அவள் ஊர்ப் பேச்சு.

"உனக்கு எடம் பத்தாது. பிள்ளைக்குப் பத்தும். பிள்ளையாவது பொழைக்கட்டும். குடு."

அந்த நேரத்தில் எந்தத் தாய்க்குத்தான் புத்தி வேலை செய்யும்? நிஜம்தான் என்று பட்டது. தன்னால் வெளியே போக முடியாது. பிள்ளை போகும். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டாள். தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். பிள்ளை கிளுகிளுவென்று சிரித்தது. அந்த விரல்கள் பிள்ளையின் காலைப் பிடித்தன...

அப்போது கீழே, வெகு தூரத்தில், மழைக்கு நடுவில்...

"ஏ வடிவு! கேக்குதா புள்ள? மழை விடட்டும்! அதுக்குப் பொறவு மேல வாரேன்!"

இசக்கிமுத்தின் குரல்.

முற்றத்திலிருந்து.

அப்படியானால்...

பிள்ளையை வெடுக்கென்று இழுத்தாள். விரல்கள் விடவில்லை. இழுத்தாள். பிள்ளை வீரிட்டது.

பிடி விட்டது.

நெஞ்சோடு அணைத்தாள்.

திரும்பினாள்.

முதுகைக் கொடுத்துச் சுவர்மேல் விழுந்தாள்.

அலறல் கேட்டு ஓடி வந்தவர்கள் அவளை நடையில் மல்லாந்து கிடக்கக் கண்டார்கள். வாசல் விரியத் திறந்து கிடந்தது. அங்கே சுவரும் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. நிலையின் இரண்டு பக்கமும் அரித்தது அரித்தபடி இருந்தது. ஆனால் அவள் குழைத்த சாந்தில் ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை.

"நான் கீழதான் தாயி இருந்தேன்," என்றார் இசக்கிமுத்து. "மேல வரவே இல்ல. அந்த முருகன்மேல ஆணை."

"பசி மயக்கமா இருக்கும்மா," என்று ஆரம்பித்தார் திருவேங்கடம். சொல்லிக்கொண்டே குனிந்து பிள்ளையைப் பார்த்தவர் அதோடு நிறுத்திவிட்டார். பிள்ளையின் கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல் பதிந்திருந்தது. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தடம். துடைத்ததும் போயிற்று. அடியில் தோல் சிவந்து வெந்திருந்தது.

அதற்கப்புறம் சண்முகவடிவு அந்தப் பக்கம் போகவில்லை. வடாலாவில் வேறு வேலை பார்த்துக்கொண்டாள். சிவனாண்டி கால் ஆறி எழுந்தபிறகும் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். பெற்ற தகப்பன் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுப்பாள்.

திருவேங்கடத்துக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறையை உள்ளேயும் வெளியேயும் அளந்தார். கணக்கு ஒத்துவரவில்லை. வெளியே இருந்த நீளம் உள்ளே இல்லை. பின்சுவருக்கு அப்பால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. சர்வகலாசாலை இஞ்சினீயரிடம் சொல்லி அனுமதி வாங்கி, ஒரு நல்ல வெயில் நாளில் அந்தச் சுவரின் கீழ்ப்பாதியை உடைக்கச் சொன்னார்.

உள்ளே ஒரு எலும்புக்கூடு. பெண்ணுடையது என்று பின்னால் டாக்டர் சொன்னார். வீடு கட்டிய காலத்தது. அறுபது எழுபது வருஷம் ஆகியிருக்குமாம். சுவரை ஒட்டிச் சரிந்து கிடந்தது.

அதற்கு முன்கைகள் இல்லை.

இசக்கிமுத்துதான் முதலில் அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

தலைக்கு மேல், சுவரின் உச்சியில், இறுகிப்போன சாந்துக்குள் இரண்டு கையெலும்புகள். முழங்கைவரை சுவரோடு சுவராகியிருந்தன. விரல்கள் அறைப் பக்கம் நீண்டிருந்தன... எதையோ வெளியே கொடுத்ததுபோல்.

முழுச் சுவரையும் பிரித்துப் பார்த்தார்கள். தரையைத் தோண்டிப் பார்த்தார்கள்.

குழந்தையின் எலும்பு ஒன்றுகூட அங்கே இல்லை.