குழாயில் போவதும் சாப்பாடுதான்

தீவிர சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியன் வேலை என்பது, பசிக்கிறது என்று சொல்ல முடியாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிற வேலை. திருப்பதியில் இதைச் செய்து அல்லாடுகிறேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். நகரியில் விசைத்தறி ஓட்டும் லோகநாதன், நிமோனியா முற்றி எங்களிடம் வென்டிலேட்டரில் கிடந்த நாட்கள் இவை.

புரட்டாசியில் முட்டை

மூக்குக் குழாய் வழியாகப் பாலும் முட்டை வெள்ளைக்கருப் பொடியும் போய்க்கொண்டிருந்தன. படுத்தே கிடந்தால் சதை கரையும். புரதம் குறைந்தால் மூச்சிழுக்கும் தசையும் சோர்ந்துபோகும், அப்புறம் மெஷினை எடுக்கவே முடியாது. அந்தப் பயத்தில் புரட்டாசி மாதம் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கலவையில் என்ன இருக்கிறது என்று அவர் மனைவி செல்வி கேட்டார், சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே பால் புரதப் பொடிக்கு மாற்றினேன்.

"அவரு கண்ணு முழிச்சிக் கேட்டா நான் இன்னா மேடம் சொல்றது?"

ஸ்கேனுக்கு நிறுத்தியது

காலையில் ஸ்கேனுக்காகக் குழாயை மூடினார்கள். மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், அப்படியே மூடிக் கிடக்கிறது! அரை நாள் புரதம் போச்சு. அவர் கையைத் தொட்டால் தோலுக்கு அடியில் எலும்புதான் தட்டுப்பட்டது. நர்ஸிடம் கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் ஒருத்தியாக மூன்று கட்டில்களைப் பார்க்கிறாள்.

"மர்ச்சிப்போயானு மேடம், சத்தியமா மறந்தே போச்சு."

வராந்தாவில்

மறுநாள் வென்டிலேட்டரை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்ல வெளியே வந்தால், செல்வி தரையில் மயங்கிக் கிடக்கிறார். சர்க்கரை அளவைப் பார்த்த நர்ஸ் விசாரித்ததில், நாலு நாளாக டீயும் தண்ணீரும்தான் என்று தெரிந்தது. குழாயில் தினமும் எவ்வளவு போகிறது என்று விளக்கினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அவரு வாயால ஒரு பருக்க துன்னாம நான் எப்டி மேடம் துன்றது? கொழாய்ல போறதெல்லாம் சாப்பாடா?"

ஒரு ஸ்பூன் தயிர்

மெஷினை எடுத்தார்கள். மூச்சு நின்றது, அதாவது எனக்கு. அவருக்குச் சீராகத்தான் வந்தது. அடுத்த நாள், விழுங்க முடிகிறதா என்று பார்க்க ஒரு ஸ்பூன் தயிர் கொடுத்தோம். இருமினால் மறுபடி குழாய்தான். செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லோகநாதனின் தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. கரகரத்த குரலில் மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"நீ துன்னியா?"

இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் கிராம் கணக்குப் பார்க்கிற எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றாததை, மயக்கத்திலிருந்து எழுந்த மனிதர் முதல் வாய்க்கே கேட்டுவிட்டார்.