அவளுக்காக மாற்றிய ஸ்பிரிங்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2004 வாக்கில் கம்பம் பக்கத்துக் கூடலூரில் இருந்தோம். என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்தும் வாரம் ஒருமுறை தேனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் நெரிசலில் யாராவது வயிற்றில் இடித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அதனால் என் பழைய மோட்டார் சைக்கிளில்தான் கூட்டிப்போவேன். அதன் முன்சக்கரத்தில் குலுக்கலைத் தாங்கும் போர்க் ஓய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடிவரை இறங்கி 'டங்'கென்று இடிக்கும். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பாள். எவ்வளவு வலிக்கிறது என்பதை அந்தப் பிடியில்தான் தெரிந்துகொள்வேன்.

கம்பத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தார்.

"ஆயிலு தண்ணியாப் போச்சு, ஸ்பிரிங்கும் படுத்திருச்சுண்ணே. எம்புட்டுப் பாரம் ஏத்துவீக?"

எங்கள் பக்கம் அது வழக்கமான கேள்வி. திராட்சைப் பெட்டியும் பால் கேனும் கட்டுகிற வண்டிக்குக் கெட்டி ஆயிலும் விறைப்பான ஸ்பிரிங்கும் போடுவார்கள். ஆள் மட்டும் போகிற வண்டிக்கு இளகிய ஆயில், மெத்தென்ற ஸ்பிரிங். பெஞ்சில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவளுடைய நோயை எப்படிச் சொல்வது?

"கீழ இடிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றேன்.

"ஏலே, நல்லாக் கெட்டியாப் போட்டு விடு. அண்ணன் கேரளாவுக்குத் திராட்சை லோடு அடிக்கப் போறாக" என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மெக்கானிக் லோடு வண்டிக்கான ஸ்பிரிங்கையே போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் போர்க் அடியில் இடிக்கவில்லை. இறங்கினால்தானே இடிக்கும்? ரோட்டிலிருந்த ஒவ்வொரு கல்லும் நேராக அவள் வயிற்றுக்குப் போனது. உத்தமபாளையத்தில் என் தோளைத் தட்டினாள்.

"இங்கன நிப்பாட்டுங்க. நான் பஸ்ல வாரேன்."

"கூட்டமா இருக்குமே."

"இருக்கட்டும். நீங்க பின்னாடியே வாங்க."

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தேனி வரை அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினேன். உட்கார இடம் கிடைக்காமல், ஒரு கையால் கம்பியையும் மறுகையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றது பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

பட்டறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே? நான் லோடு வண்டின்னுல்ல நெனச்சேன்." ஸ்பிரிங் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "அக்கா எத்தன கிலோ இருப்பாக?"

"நாப்பதுக்குள்ள வந்துட்டா."

அதற்குத் தகுந்த ஸ்பிரிங்கைத் தேடி எடுத்தார். இளகிய ஆயிலை இரண்டு பக்கமும் ஒரே அளவாக அளந்து ஊற்றினார்.

வீட்டு வாசலில் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பிரேக்கைப் பிடித்து முன்பக்கத்தை அமுக்கிக் காட்டினேன். மெதுவாக இறங்கி மெதுவாக எழுந்தது.

"இப்ப நல்லாருக்கே. நாளைக்கு இதுலயே போயிருவோம்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஒரு வேனில் படுக்கவைத்துத் தேனிக்குக் கொண்டுபோனோம். மதியம் இறந்துபோனாள்.