பிரதம அதிதிக்காகக் காத்திருந்த பணிஸ்

போன வருடம், தை மாதக் கடைசி. மாரி மழை விட்டு, வயல்கள் அறுவடைக்குத் தயாராகிக் கொண்டிருந்த நேரம். துணுக்காய்ப் பக்கம், பிரதான வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் இது நடந்தது. ஊரின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அங்கே இன்னும் வேலை செய்கிற ஒருவருக்குத்தான் தொல்லை வரும்.

நான் ஒரு பேக்கரிக்காரன். வீட்டுக்குப் பின்னால் பாண் சுடச் சின்னதாக ஒரு போறணை, கூடமாட மனைவி, விற்க ஒரு ஓட்டோ. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் பாணும், பணிஸ் என்று நாங்கள் சொல்கிற பன்னும் விற்று வருகிற ஓட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று என்னுடையது.

பணிசுக்குள் சோயாக் கட்டியைப் போடத் தொடங்கியது வியாபாரத்துக்காக அல்ல. எங்கள் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, முட்டை மணம் பட்டாலே என் மனைவி ஓங்காளித்தாள். மீனும் அப்படித்தான். எடை ஏறவில்லை. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற மருத்துவமாது ஒருவர் எங்கள் பகுதிக்கு இருக்கிறார். "புரதம் காணாது தம்பி, என்னத்தையாவது செய்து குடுங்கோ" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். காலையில் அவள் வயிற்றில் தங்கியது தேத்தண்ணியும் இனிப்புப் பணிசும் மட்டும்தான். சரி, அந்தப் பணிசுக்குள்ளேயே புரதத்தை ஒளித்துவிடுவோம் என்று நினைத்தேன்.

வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சோயாப் பாலைத் திரைய வைத்து, துணியில் கட்டி அழுத்தி, வெள்ளைக் கட்டியாக்கி விற்கிறது. டோபு என்று கடைகளில் சொல்வது அதைத்தான். பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். முதல் நாள் நான் சுட்டது பணிஸ் இல்லை, செங்கல். கட்டியின் தண்ணீரைப் பிழியாமலே சேர்த்ததில் மா பொங்கவே இல்லை. பிறகு பாரம் வைத்துத் தண்ணீரை வடிய விட்டு, பசையாக அரைத்து, மாஜரினைக் குறைத்து அதன் இடத்தில் இதைச் சேர்த்தேன். மீதிக் கட்டியை உதிர்த்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஈரம் போகும்வரை வதக்கி உள்ளே வைத்தேன். மேலே முட்டைக்குப் பதில் சோயாப் பாலைப் பூசினேன். சோயாவின் பச்சை மணம் ஏலக்காயில் அடங்கிவிட்டது. மனைவி ஒன்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினாள். பிள்ளை நல்ல எடையோடு பிறந்தது.

மருத்துவமாதுவுக்கு இது தெரியும். அதனால்தான் அந்த மண்டபத்தில் ஒரு நிறுவனம் கர்ப்பிணித் தாய்மாருக்குப் போசாக்கு தினம் நடத்தப் போகிறது என்றதும் என்னிடம் வந்தார். அன்று இரத்தத்தில் சீனி பார்ப்பதற்காக எல்லோரையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்களாம். இரத்தம் எடுத்த கையோடு சாப்பிட ஏதாவது வேண்டும். "உங்கட சோயாப் பணிஸ் எண்டால் நல்லம் தம்பி. இனிப்பை மட்டும் குறைச்சுப் போடுங்கோ" என்றார். என் மனைவியை அவர் கவனித்துக்கொண்ட விதத்துக்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? என்னுடைய பங்காக இருக்கட்டும் என்று சொல்லி, விடியப் போறணையை மூட்டினேன்.

மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரத்தம் எடுத்து முடிந்திருந்தது. தாய்மார் பிளாஸ்ரிக் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். அதிகமானவர்கள் அந்தப் பக்கத்தில் குடியேறித் தோட்டம் செய்கிற மலையகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் விடியவே நடந்து வந்திருந்தார்கள். பணிஸ் தட்டை இறக்கியதும் சூட்டு மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. எல்லாத் தலைகளும் திரும்பின.

நிறுவனத்திலிருந்து பொறுப்பாக வந்திருந்த அதிகாரி ஓடி வந்தார். தட்டுகளை வெள்ளைத் துணி விரித்த மேசையில் அடுக்கச் சொன்னார். அடுக்கியதும் மேலே பொலித்தீனை இழுத்து இறுக்கிக் கட்டுவித்தார்.

"ஒருத்தரும் தொட வேண்டாம். பிரதம அதிதி வந்து திறந்து வைச்சாப் பிறகுதான் குடுக்கிறது. படம் எடுக்க வேணும்" என்றார்.

எட்டரைக்கு வருவார் என்றார்கள். ஒன்பதரை தாண்டியது. தகரக் கூரை சுடத் தொடங்கியது. மருத்துவமாது இரண்டு தடவை போய்க் கேட்டார். நான் ஒரு தடவை போனேன்.

"ஐயா, உவை நேற்று ராத்திரிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை. ஒரு தட்டையாவது குடுப்பம். மிச்சத்தை அவர் வந்து திறக்கட்டும்."

"தட்டு வெறுமையாக் கிடந்தால் படத்தில வடிவாயிராது. கொஞ்சம் பொறுக்கத் தெரியாதே? உந்த ஆக்களுக்குப் பசி பழக்கம்தானே."

அதை அவர் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் குனிந்து தங்கள் மடியைப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பசி ஒருவருக்குப் பழக்கமாகுமா? அப்படியே ஆனாலும், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைப் பார்த்து அதைச் சொல்லலாமா? சுவரில் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. சிரிக்கிற தாய், கொழுத்த குழந்தை, பழங்கள், பால். அதற்கு நேர் கீழே வெறும் வயிற்றோடு இத்தனை பெண்கள். போசாக்கு தினமாம்.

சற்று நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு கதிரை சரிந்தது. மிக இளம் பெண் ஒருத்தி, தலைச்சன் பிள்ளைக்காரி, பக்கத்தில் இருந்தவளின் தோளில் விழுந்து அப்படியே நிலத்துக்கு வழுகினாள். மருத்துவமாது ஓடிப் போய் அவளை இடப் பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார். யாரோ சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது.

அதிகாரியும் வந்தார். குனிந்து பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தார்.

"அவவைப் பின் அறைக்குக் கொண்டுபோய் வையுங்கோ. வாகனம் வாற நேரம்."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. மேசைக்குப் போய்ப் பொலித்தீனைப் பிடித்து இழுத்தேன். அது சரசரவென்று கிழிந்தது.

"என்ன காணும் செய்யிறீர்? இது எங்கட நிகழ்ச்சி."

"நிகழ்ச்சி உங்கட. பணிஸ் நான் சுட்டது. நான் உங்களுக்குச் சுடேல்லை, இவைக்குத்தான் சுட்டனான். நான் குடுக்கிறன்."

தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசைக்குப் போனேன். ஒருவரும் எடுக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. பசியில் கண் சோர்ந்திருக்கிறார்கள், மூக்குக்கு நேரே பணிஸ், ஆனால் பார்வை மட்டும் அதிகாரியின் முகத்தில். அடுத்த முறை உதவி வரும்போது தங்கள் பெயரை விட்டுவிடுவார்களோ என்ற பயம். எத்தனை வருடம் எத்தனை பேரின் முன்னால் கை நீட்ட வைத்திருந்தால் இந்தப் பயம் வரும்?

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா எழும்பி வந்தார். நாலாவது பிள்ளை, மாதம் முற்றியிருந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி மெதுவாக நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"குடுங்கண்ணே. உள்ள புள்ள உதைக்குது. அதுக்கு அதிதின்னா யாருன்னு தெரியாதுல்ல" என்றார்.

எடுத்தார். எல்லோரும் பார்க்க ஒரு கடி கடித்தார். இரண்டாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நிலத்தில் படுத்திருந்த பெண்ணின் பக்கத்தில் இருந்து, சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து அவள் வாயில் வைத்தார். அவ்வளவுதான். முன் வரிசை, நடு வரிசை என்று கைகள் நீண்டன. மருத்துவமாதுவும் மற்றத் தட்டைத் தூக்கினார். ஒரு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய், உள்ளே இருந்த தேங்காய்ப்பூவை விரலால் எடுத்துப் பிள்ளைக்குத் தீத்தினாள். தட்டுகளில் பொருக்கு மட்டும்தான் மிஞ்சியது.

பிரதம அதிதியின் வாகனம் வந்தது பத்து மணிக்கும் பிறகு. மாலை, விளக்கு, கைகுலுக்கல் எல்லாம் முடிந்து அவர் மேசைப் பக்கம் வந்தார். வெறும் தட்டுகளைப் பார்த்து, "இதென்ன, ஒண்டையும் காணேல்லை?" என்று கேட்டார்.

எனக்கு ஏச்சு விழுந்தால் பரவாயில்லை, மருத்துவமாதுவை மாட்டிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அதிகாரியோ முகம் நிறையச் சிரித்தார்.

"தாய்மாருக்குக் காலமையே குடுத்திட்டம் ஐயா. அவையின்ர பசிதான் எங்களுக்கு முதல். அதுதான் எங்கட கொள்கை."

பிரதம அதிதி அவருடைய தோளில் தட்டிக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். மருத்துவமாது எனக்கு எதிரே நின்று, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார். நாளைக்கும் அந்த அதிகாரியோடு வேலை செய்ய வேண்டியவர் அவர்தானே. வெறும் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

ஆனால் அந்த அக்கா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தவள் சிரித்தாள். வரிசை வரிசையாக எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். விழுந்த பெண்கூடச் சுவரில் சாய்ந்தபடி முறுவலித்தாள். என்ன விசயம் என்று விளங்காமல் பிரதம அதிதியும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் நின்றது இரண்டே பேர், அதிகாரியும் நானும்.

அந்த இளம் பெண்ணுக்குப் பங்குனியில் சுகமாகப் பிள்ளை பிறந்ததாக மருத்துவமாது சொன்னார். அடுத்த போசாக்கு தினத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று உத்தரவு வந்ததாகவும் அவரே சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அதே மண்டபத்தில் தாய்மாருக்குக் கிளினிக் நடக்கிற நாட்களில் பாட்டைப் போட்டுக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே ஓட்டோவை நிறுத்துகிறேன். வீதி ஒருவருடைய நிகழ்ச்சியும் இல்லை. யார் வந்தாலும் வந்த உடனே கொடுக்கிறேன்.

கோபத்தைக் குறை, உனக்குக் குடும்பம் இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள். மற்ற விசயங்களில் குறைத்தும் இருக்கிறேன். ஆனால் "பசி பழக்கம்தானே" என்ற அந்தக் குரல் காதில் விழும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு சுடுகிறது, அது ஒரு நாள் சுடாமல் போனால் நானும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளாகிவிட்டேன் என்றுதான் அர்த்தம்.